முப்பத்தாறு

"முப்பத்தாறு" என்கிறார் டாக்டர் நேரூர்கர்,
என்னிடமல்ல, தபஸ்ஸுமிடம்.
அவள் அட்டையில் குறிக்கிறாள்.
ஊருக்கெல்லாம் முப்பத்திரண்டு,
எனக்கு மட்டும் ஏது கூடுதலாய் நாலு
என்று கேட்க வாய் வேண்டும்.
வாயில் கண்ணாடி இருக்கிறது.

செம்பூர் ஸ்டேஷன் எதிரே, முதல் மாடி.
கீழே ஃபர்ஸான் கடையில்
ஜிலேபிப் பாகு கொதிக்கிறது.
அவர்கள் சொத்தையாக்கி அனுப்ப
இவர் அடைத்து அனுப்ப
இருவருக்கும் ஒரே படிக்கட்டு.

பொற்கொடியை 'போர்கோடி' என்பார்.
பதினோரு வருஷமாய்
இந்த ஊர் முழுக்க நான் போர்கோடிதான்.
திருத்துவதை எப்போதோ விட்டாயிற்று.

எறும்பு கடித்தாற்போல் இருக்கும் என்றார்
ஊசியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு.
எந்த ஊர் எறும்போ.
கொஞ்ச நேரத்தில் இடது பக்கம்
வீட்டைக் காலி செய்தது:
முதலில் உதடு, பிறகு கன்னம்,
கடைசியாக, மனசில்லாமல், பாதி நாக்கு.

குடைகிறார்.
மண்டைக்குள் ஒரு லோக்கல் ரயில்
பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது,
நிற்கவே மாட்டேன் என்கிறது.
நகம் தீய்ந்த வாசனை.
அது நான்தான் என்று பிடிபடக்
கொஞ்சம் தாமதமாயிற்று.

மேலே கடுகளவு ஓட்டை,
உள்ளே பெரிய கூடம் என்கிறார்.
இன்னும் இழுத்திருந்தால் வேர் வரை போயிருக்கும்.
அப்புறம் விளக்கைத் தள்ளிவிட்டு,
"ராத்திரி பல்லைக் கடிக்கிற வழக்கம் உண்டா?
எல்லாமே தேய்ந்திருக்கிறதே."

டாக்டர்,
எங்கள் மொழியில் அது வியாதி இல்லை,
புத்திமதி.
முதல் வேலையில் சொன்னார்கள்,
கல்யாணமான ஆறாம் மாதம் சொன்னார்கள்,
அது முறிந்தபோதும் சொன்னார்கள்:
பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.
எவ்வளவு ஒழுங்காய்க் கேட்டிருக்கிறேன் என்று
உங்கள் எக்ஸ்ரேயில் தெரிகிறது.

இதில் எதையும் சொல்லவில்லை.
"ஆ" என்றேன்.
அவருக்கு அது போதுமாயிருந்தது.

நீல வெளிச்சம், இருபது விநாடி, ஒரு பீப்.
சிவப்புத் தாளைக் கடிக்கச் சொல்லி
மேடு தெரிந்த இடத்தைச் சீவிவிட்டார்.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.
இரண்டு மணி நேரம் எதுவும் மெல்லக் கூடாது.

வாஷி வண்டி. மான்குர்த் தாண்டுகையில்
ஆவடியிலிருந்து குணசீலன்.
தம்பிக்கு முன்னுரை பழக்கமில்லை.
"சொத்தை இப்படி இழுத்துக்கிட்டே போகக் கூடாதுக்கா.
சட்டுன்னு முடிச்சுடணும்."
ஒரு கணம்
இவனுக்கு எப்படித் தெரியும் என்று கன்னத்தைத் தொட்டேன்.
பிறகுதான், விடுதலைப் பத்திரம்.
என் பங்கு வேண்டாமென்று நான் கையெழுத்துப் போட்டால்
அதற்கு அப்படித்தான் பெயர்.
யாருக்கு விடுதலை என்று
பத்திரத்தில் எழுத மாட்டார்கள்.
"வெள்ளிக்கிழமை வந்துடு. சரின்னு சொல்லு."

சரி என்று சொல்லப் போனேன், பழக்கம்.
சகரத்துக்கு நாக்கு எழும்பவில்லை.
தாடையில் எச்சில் வழிந்தது.
எதிர் சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"என்னக்கா, கேக்கல?"
சரி, இன்னொன்றைச் சொல்லிப் பார்ப்போமே என்று
'முடியாது' சொல்லிப் பார்த்தேன்.
உதடு இரண்டும் சந்திக்கவில்லை.
அதுவும் காற்றாய்ப் போயிற்று.

கழிமுகத்துப் பாலத்தில் யாரோ
தேங்காயைத் தூக்கி எறிந்தார்கள்.
விழுந்த சத்தம் கேட்கும் முன்
வண்டி கடந்துவிட்டது.
போன் தானாகவே அறுந்தது,
அல்லது நான்தான் அழுத்தினேன்.

நாலரை மணிக்கு,
கன்டெய்னர் பில்லுக்கு நடுவே
டாக்டர் சொன்ன எறும்பு வந்தது.
உதட்டோரமாய் ஒன்று. பிறகு வரிசையாக.
நாக்கு போய்த் தொட்டுப் பார்த்தது:
வழவழவென்று யாரோ புதிதாய்க் குடிவந்திருக்கிறார்கள்.

மூன்று தவறிய அழைப்பு.
காபியை வலது பக்கமாகவே குடித்துக்கொண்டு
யாரும் பார்க்காத நேரம் பார்த்து
மானிட்டருக்குப் பின்னால்
மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தேன்.
ம.
மு.